அத்தை வீடு இருக்க, ஹோட்டல் எதற்கு?

எங்கள் எட்டாவது திருமண நாளையொட்டி மூன்று நாள் சிங்கப்பூர் போய்வந்தோம். அந்த மூன்று நாளுக்குத் திட்டம் போட எங்களுக்கு ஐந்து வாரம் பிடித்தது.

பேருந்து டிக்கெட் எடுக்கப் பத்து நிமிடம். குடிநுழைவுக்கான படிவத்தைக் கைப்பேசியில் நிரப்ப ஐந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் போனது. எங்கே தங்குவது?

சிலருக்கு இது கேள்வியே இல்லை. ஆனால் கிள்ளானில் பிறந்து வளர்ந்து, சிங்கப்பூரில் அப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சி இருக்கும் ஒருத்தி, "நாங்க ஹோட்டல்ல தங்கப் போறோம்" என்று வீட்டில் வாயைத் திறந்து சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

முதலில், இந்தப் பயணம் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் வானொலியில் காலை நேர அறிவிப்பாளர். விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம். நாலே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவேன். என் கணவருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு நிறுவனமொன்றில் வேலை. அவர் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகும். ஒன்பது மணிக்கு எனக்குக் கண் சொருகிவிடும். ஒரே வீட்டில் இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. எங்களுக்குள் பாதிப் பேச்சு குளிர்பெட்டியில் ஒட்டிய தாளில்தான் நடக்கும். "கேஸ் முடியப் போகுது." "பாப்பாவுக்கு நாளைக்கு விளையாட்டு உடை." "மின்சார பில் கட்டிட்டேன்."

ஏழாவது திருமண நாளுக்கு ஒரு நல்ல உணவகத்துக்குக் கூட்டிப் போனார். சாப்பாடு வருவதற்குள் நான் மேசையிலேயே தூங்கிவிட்டேன். இதை அவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அன்றிரவு காரில் வரும்போது அவர் சொன்னதை யாரிடமும் சொன்னதில்லை. "உன் குரலை நான் வீட்டுல கேக்குறதைவிட கார்ல ரேடியோவுலதான் அதிகமா கேக்குறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் மறக்க முடியவில்லை.

ஆகவே இந்த ஆண்டு மூன்று நாள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று முடிவெடுத்தோம். "என்ன பாக்கணும் உனக்கு?" என்று கேட்டார். "எதையும் பாக்க வேணாம். அலாரம் இல்லாம ஒன்பது மணி வரைக்கும் தூங்கணும். எழுந்து உங்க எதிர்ல உக்காந்து காப்பி குடிக்கணும்" என்றேன்.

"அதை வீட்டுலயே செய்யலாமே?"

முடியாது. வீட்டில் துணி இருக்கிறது, பிள்ளை இருக்கிறாள், நிலையத்திலிருந்து அழைப்பு வரும். நடுவில் குறைந்தது ஒரு குடிநுழைவுச் சாவடியாவது இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஜப்பான் என்று ஆசையாகத் தொடங்கினோம். இருவருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்த விடுப்பைப் பார்த்ததும் சிங்கப்பூரில் வந்து நின்றோம். செவ்வாய் முதல் வியாழன் வரை. அப்பாவிடம் சொன்னபோது, அவர் முதலில் பேசியது நாணய மாற்று விகிதத்தைப் பற்றி. "எங்க அப்பா காலத்துல ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி. இப்போ மூணு வெள்ளிக்கு மேல குடுத்து அங்க போய் என்னா வாங்கப் போறீங்க?" தாத்தா காலத்துக் கணக்கு உண்மைதான். 1967-இல் இரு நாடுகளும் தனித்தனி நாணயம் வெளியிட்ட பிறகும், 1973 மே மாதம் வரை இரண்டும் சரிசமமாக மாற்றப்பட்டன. அப்பாவுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. அந்த இழப்பை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த கேள்வி வந்தது. "தங்கறது தங்கச்சி வீட்டுலதானே?"

நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட இரண்டு விநாடியிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அத்தை வீடு இருக்க ஹோட்டல் எதுக்கு? அவ மனசு என்ன பாடுபடும்?" என்றார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அத்தை 1984-இல் கல்யாணமாகி சிங்கப்பூர் போனவர். தோ பாயோவில் மூவறை வீடு. நான் சிறுமியாக இருந்தபோது ஆண்டிறுதி விடுமுறை என்றால் கோலாலம்பூரிலிருந்து இரவு ரயில். காலையில் தஞ்சோங் பகார் நிலையத்தில் அத்தையும் மாமாவும் காத்து நிற்பார்கள். அந்த நிலையத்தில் கடைசி ரயில் 2011 ஜூன் 30-இல் ஓடியது. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு அத்தை கையிலிருந்த பன் ரொட்டிப் பொட்டலம்தான் ஞாபகத்துக்கு வந்தது. தங்கள் படுக்கையை அப்பா அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு அத்தையும் மாமாவும் பிள்ளைகளோடு கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான் ஊடகத் துறையில் படிக்கப் பல்கலைக்கழகம் போனபோது மடிக்கணினி வாங்கப் பணம் அனுப்பியதும் அத்தைதான். அந்தக் கணினியில்தான் என் முதல் வானொலி நிகழ்ச்சிக்கான பிரதியை எழுதினேன்.

அப்படிப்பட்டவர் வீட்டைத் தாண்டிப் போய் இன்னொருவருக்குப் பணம் கொடுத்துத் தங்குவதா?

நாங்கள் இருவரும் மாற்று வழிகளைப் பார்த்தோம். சொல்லாமல் போய்வந்துவிடலாம் என்றார் கணவர். தேக்காவில் ஒரு தேநீர் குடித்தால் போதும், நான்கு பேர் அடையாளம் கண்டு அத்தைக்குச் சொல்லிவிடுவார்கள். அதைவிட, திருட்டுத்தனமாகப் போய் எப்படி நிம்மதியாகத் தூங்குவது? ஒரு நாள் ஹோட்டல், ஒரு நாள் அத்தை வீடு என்றேன் நான். அவர் "சரி" என்றார். எட்டு ஆண்டில் அவருடைய "சரி"களை வகை பிரிக்கத் தெரியும் எனக்கு. அது "உன் இஷ்டம்" என்று பொருள்படும் சரி.

கடைசியில் பூகிஸ் பக்கம் ஒரு நடுத்தர ஹோட்டலைப் பார்த்து வைத்துவிட்டு, அத்தையை அழைத்தேன்.

பத்து வருடமாக மைக் முன்னால் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்த அழைப்புக்கு மூன்று முறை ஒத்திகை பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் அத்தை பக்கம் பேச்சே இல்லை. வானொலியில் ஐந்து விநாடி மௌனம் என்றால் விபத்து. எதையாவது சொல்லி நிரப்பிவிட வேண்டும் என்பது எங்களுக்குப் பழக்கம். நானும் நிரப்பினேன். "அவர் கம்பெனில இலவசமா குடுத்தாங்க அத்தை, வீணாப் போயிடுமேன்னுதான்."

பொய். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"அப்படியாம்மா, நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டார். தினமும் காலையில் பூப்படத்தோடு "இனிய காலை வணக்கம்" அனுப்புகிறவர், மறுநாள் அனுப்பவில்லை. அடுத்த நாளும் இல்லை. நான்காவது நாள் நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்து, காரில் உட்கார்ந்தபடியே அழைத்தேன். இந்த முறை ஒத்திகை இல்லை.

"அத்தை, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். இலவசமெல்லாம் இல்ல. நாங்க காசு குடுத்துத்தான் தங்கப் போறோம்" என்று தொடங்கி, நான்கு மணி அலாரம், குளிர்பெட்டித் தாள், உணவகத்தில் தூங்கியது, காரில் அவர் சொன்னது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மறுபடியும் மௌனம். இந்த முறை நான் நிரப்பவில்லை.

"ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?" என்றார்.

"இருநூறு சிங்கப்பூர் வெள்ளி அத்தை."

"அது பிளஸ் பிளஸ்ஸா, எல்லாம் சேத்தா?"

எனக்குப் புரியவில்லை. அத்தை விளக்கினார். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அந்த மொத்தத்தின்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 வெள்ளி அறை 239 வெள்ளி 80 காசு ஆகிறது. நம் காசில் எழுநூறு வெள்ளிக்கு மேல். இரண்டு இரவுக்கு எங்கள் கணக்கு அங்கேயே உதைத்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"எப்படித் தெரியுமா? இருபத்திரண்டு வருஷம் ஹோட்டல்லதானே வேலை செஞ்சேன்."

அத்தை ஹோட்டலில் வேலை செய்தார் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் அதைச் சாப்பாட்டுக் கடை என்று நினைத்துக்கொண்டேன். வளர்ந்த பிறகும் அந்த நினைப்பைத் திருத்திக்கொள்ளவில்லை. கேட்கவும் இல்லை. அவர் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்திருக்கிறார். ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. மெத்தை விரிப்பை மாற்றி, குளியலறை தேய்த்து, கண்ணாடி துடைத்து, அடுத்த கதவு. மடிக்கணினிக்கு வந்த பணம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் யோசித்தேன்.

"அந்த மெத்தைய எத்தனை பேருக்கு விரிச்சிருப்பேன். ஒரு நாள் உக்காந்ததில்ல. உக்காரக் கூடாது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நான் கல்யாணமாகி வந்தப்ப வீட்டுல மாமியா, மாமனார், ரெண்டு கொழுந்தனுங்க. எனக்கும் உங்க மாமாவுக்கும் சாத்திக்க ஒரு கதவு கெடைக்க ஆறு வருஷம் ஆச்சு. சண்டை போடணும்னாகூட கீழ பேருந்து நிறுத்தத்துக்குத்தான் போவோம். நீங்க ஹோட்டல்லயே தங்குங்க. பொய் சொன்னதுக்குத்தான் எனக்கு வருத்தம். உன் அத்தைகிட்ட உனக்கு என்னம்மா பயம்?"

எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு திட்டம் போடும் வேலை அத்தை கைக்குப் போய்விட்டது. அவர் சொன்னவை உங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

விலையை முழுத்தொகையாகப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். முதலில் பார்த்ததை விட்டுவிட்டு, எல்லாம் சேர்த்து 190 வெள்ளிக்கு அதே வட்டாரத்தில் இன்னொன்றை எடுத்தோம். கார்ப் பந்தயம் நடக்கும் வாரம், இரு நாட்டுப் பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி இவற்றைத் தவிர்த்தால் விலையும் குறையும், சோதனைச்சாவடியில் வரிசையும் குறையும். வெள்ளிக்கிழமை மாலையில் கடற்பாலத்தைக் கடக்க நினைப்பவர்களுக்கு அத்தையின் அனுதாபங்கள்.

சிங்கப்பூர் குடிநுழைவுப் படிவத்தை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். அது இலவசம். கட்டணம் கேட்கும் இணையப் பக்கம் வந்தால் அது அரசாங்கத்துடையது அல்ல, வெளியே வந்துவிடுங்கள்.

லிஃப்டுக்குப் பக்கத்து அறை வேண்டாம் என்று பதிவு செய்யும்போதே எழுதிவிட வேண்டும். இரவெல்லாம் ஆள் நடமாட்டம் கேட்கும். நடைவழியின் கோடியில் கேளுங்கள். அறை பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். முன்னதாகப் போனால் பையை முகப்பில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். பையை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

"தினமும் ரூமைச் சுத்தம் பண்ணணும்னு இல்ல. கதவுல அட்டையை மாட்டிட்டு, துண்டு மட்டும் கேட்டு வாங்கிக்கோ. அந்தப் பிள்ளைக்கு ஒரு ரூம் மிச்சம். கெளம்புற அன்னைக்கு ரெண்டு வெள்ளி வெச்சா, கூட 'நன்றி'ன்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வை. சீட்டு இல்லாம காசை எடுக்க எங்களுக்குப் பயம். மறந்து வெச்சிட்டுப் போன காசோ என்னவோன்னு." இருபத்திரண்டு வருட அனுபவம் இப்படித்தான் பேசியது.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை அனுப்பினேன். பதினேழு இடம். அத்தை குரல் பதிவில் சிரித்தார். "மூணு நாள்ல சிங்கப்பூர் முழுக்கப் பாக்கணும்னு ஓடுற சோடிங்க சாயங்காலம் ரூமுக்கு வந்து சண்டை போடுவாங்க. நான் வண்டியத் தள்ளிக்கிட்டுப் போறப்ப கேட்டிருக்கேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போதும். மத்தியானம் வெயில்ல அலையாதீங்க."

அதன்படி பட்டியல் சுருங்கியது. முதல் நாள் மாலை கரையோரப் பூந்தோட்டம். அங்கே பெருமரங்களின் ஒளிக்காட்சி இரவு 7.45-க்கும் 8.45-க்கும் உண்டு, அதற்குக் கட்டணமில்லை. இரண்டாம் நாள் திருமண நாள். தூக்கம், காப்பி, பிறகு பூமலை. உலக மரபுடைமைத் தலமாக யுனெஸ்கோ 2015-இல் அறிவித்த தாவரவியல் தோட்டம் அது. ஆர்க்கிட் தோட்டம் தவிர மற்றப் பகுதிகளுக்கு நுழைவு இலவசம். மாலையில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை. 1827-இல் தொடங்கிய கோயில், சிங்கப்பூரின் ஆகப் பழமையான இந்துக் கோயில். மூன்றாம் நாள்?

"மூணாம் நாள் மத்தியானம் என் வீட்டுல சோறு. அதுல பேச்சே இல்ல" என்றார் அத்தை.

அப்பாவையும் அவரே சமாளித்தார். "அண்ணே, ஹோட்டல நான்தான் பாத்துக் குடுத்தேன்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பாப்பாவைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக அம்மா சொன்னார். கிளம்பும் அன்று, வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள் இரண்டு பொட்டலம் அத்தைக்காக என் பையில் ஏறியது.

செவ்வாய்க்கிழமை காலைப் பேருந்து. ஜொகூரில் ஒரு முறை இறங்கி ஏறி, உட்லண்ட்ஸில் பையோடு இன்னொரு முறை இறங்கி ஏறி, பிற்பகலில் பூகிஸ் போய்ச் சேர்ந்தோம். நடைவழியின் கோடி அறை கிடைத்தது.

மறுநாள் ஒன்பது வரை தூங்கினேனா? இல்லை. சரியாக நான்கு மணிக்கு விழித்துவிட்டேன். உடம்புக்குத் திருமண நாள் என்று தெரியுமா என்ன? எழுந்து ஜன்னல் ஓரம் நின்றேன். சத்தம் கேட்டு அவரும் எழுந்துவிட்டார். "நிகழ்ச்சிக்கு நேரமாச்சா?" என்றார். கெட்டிலில் நீர் வைத்தோம். அத்தை சொன்னபடி முதல் முறை கொதித்ததைக் கொட்டிவிட்டு, மறுபடி கொதிக்க வைத்துப் பொட்டலக் காப்பி கலந்தோம். ஆறு மணி வரை பேசினோம். பாப்பாவின் பள்ளிக்கூடம், அவர் மாற நினைக்கும் வேலை, நான் காலை நிகழ்ச்சியை விடலாமா வேண்டாமா என்பது. எதுவும் குளிர்பெட்டித் தாளில் எழுதக்கூடிய விஷயங்கள் அல்ல. எதற்கும் முடிவும் வரவில்லை. பிறகு தூங்கி, பத்தேகாலுக்கு எழுந்தோம்.

வியாழக்கிழமை அத்தை வீட்டில் நண்டுப் பிரட்டல், ரசம், கத்தரிக்காய் சம்பல். மாமா படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம். மாப்பிள்ளைக்கு மூன்றாம் முறை சோறு போட்ட பிறகுதான் அத்தை கை கழுவினார்.

"ரூம் எப்படி இருந்துச்சு? படம் எடுத்தியா?"

கைப்பேசியை நீட்டினேன். கரையோரப் பூந்தோட்டப் படங்களையெல்லாம் தள்ளிவிட்டு, அறைப் படத்தில் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மெத்தையின் மூலையை.

"நல்லா மடிச்சிருக்கா. கைப்பழக்கம் உள்ள பிள்ளை" என்றார். "சீட்டு எழுதி வெச்சியா?"

"வெச்சேன் அத்தை."

"அடுத்த தடவை நீங்களும் எங்களோட வந்து ஒரு ராத்திரி தங்குங்க அத்தை" என்றார் என் கணவர்.

அத்தை சிரித்தார். "எனக்குத் தூக்கம் வராது மாப்பிள்ளை. அந்தப் படுக்கையைப் பாத்தா எழுந்து விரிக்கத்தான் கை வரும்" என்று சொல்லிவிட்டு, மீதி நண்டை டப்பாவில் அடைக்கச் சமையலறைக்குப் போனார்.

பேருந்தில் கடற்பாலத்தைக் கடக்கும்போது அவர் தூங்கிவிட்டார். நான் கைப்பேசியில் அடுத்த ஆண்டுக்கான நாள்காட்டியைத் திறந்து, திருமண நாள் எந்தக் கிழமையில் வருகிறது என்று பார்த்தேன். அதே வாரத்தில் அத்தையின் பிறந்தநாளும் வருகிறது. அறை இரண்டாக எடுக்க வேண்டும். இப்போதிருந்தே சொல்லி வைத்தால்தான் ஒப்புக்கொள்வார்.